விழித்திரையில் முளைக்கும் வேண்டாக் குழல்கள்

(பூவாரில் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெய்யாறு கடலோடு கலக்கும் இவ்வூரில் வாழும் நமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். பொழிமுகத்தை மணல் அடைத்தால், தேங்கிய நீர் வலுவற்ற கரையை உடைத்துப் புதுவழி தேடுகிறது. விழித்திரையிலும் இதையொத்த கேடு நிகழ்வதுண்டு. நீரிழிவால் நுண்ணிய குருதிக்குழல்கள் அடைபட்டால், உயிர்வளி பெறாத திசுக்கள் வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரந்து புதுக்குழல்களை வரவழைக்கின்றன. அவையோ உறுதியற்றவை; கசிந்தும் உடைந்தும் பார்வையைப் பறிப்பவை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலியும்போதும் இப்புரதம் தீங்கு விளைப்பதுண்டு.

இப்புரதம் பிறக்குமுன்பே தடுத்தல் கூடுமா? மரபணு தன் ஆணையை ஆர்.என்.ஏ. என்னும் தூதின் வழியே அனுப்புகிறது. அத்தூதை இடைவழியில் அழித்து மரபணுவை வாயடைக்கும் முறையை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1998-இல் ஒரு சிறு புழுவில் கண்டு வெளியிட்டனர்; 2006-இல் நோபெல் பரிசும் பெற்றனர். அம்முறையில் அமைந்த பெவாசிரனிப் என்னும் மருந்து நோயாளர் கண்ணில் செலுத்திச் சோதிக்கப்பட்டது. ஆயினும் 2009-இல் அதன் மூன்றாங்கட்டச் சோதனை நிறுத்தப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டே, கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெயகிருஷ்ணா அம்பாட்டியும் குழுவினரும் எலிகளை ஆராய்ந்து ஓர் உண்மையை உரைத்தனர். நோய்க்குத் தொடர்பற்ற எழுத்துவரிசை கொண்ட சிறு ஆர்.என்.ஏ.யும் குழல் வளர்ச்சியை அடக்கிற்று! மருந்து உயிரணுவினுள் புகுந்து தூதை அழிக்கவில்லை. உயிரணுவின் புறத்தே உள்ள டி.எல்.ஆர்.3 என்னும் காவலனைத் தட்டி எழுப்பியது. பயன் கண்டால் போதாது, பயன் வந்த வழியையும் காணவேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

இம்முறை அதனால் மாண்டுவிடவில்லை. கல்லீரலில் ஒரு புரதத்தை அடக்கும் பட்டிசிரன் 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கண்ணுக்கும் ஒருநாள் விடிவு வரலாம்.

ஆனால், அந்நாள் வரை நம் பெரியோர் இருளில் காத்திருக்க வேண்டுவதில்லை. பிறந்துவிட்ட புரதத்தைக் கட்டும் ஊசிமருந்துகளும் லேசர் சிகிச்சையும் இன்றே உள்ளன. வடக்கே திருவனந்தபுரத்தில் வட்டாரக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. கிழக்கே திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எல்லைக்கோட்டின் இருபுறமும் நமக்கு வாயில்கள் திறந்தேயுள்ளன.

இந்நோய் தொடக்கத்தில் வலியும் தாராது, பார்வையும் மங்காது. ஆகவே, 'நன்றாகத் தெரிகிறதே' என்று வாளாவிருத்தல் ஆகாது. நீரிழிவுடையோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இழந்த பார்வையை மீட்டல் அரிது. இருக்கும் பார்வையைக் காத்தல் நம் கையில் உள்ளது.