இங்கிலீஸ் பேசப் பழகுவோம்

(கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு மாலை கூடியபோது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



நான் பெரிய இங்கிலீஸ் படித்தவன் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கு.

சில வருசத்துக்கு முன்னே எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு வெள்ளவத்தையில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. அவளுக்காக நான்தான் போன் எடுத்து விசாரித்தேன். "இட்ஸ் புட் ஓஃப். கோல் பெக் ஒன் மண்டே" என்றார்கள். லைட்டை ஓஃப் பண்ணுகிற மாதிரி வேலையும் ஓஃப் ஆகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்னால் சொன்னது விளங்கவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம். பிள்ளையை ரயிலேற்றி மலைக்கு அனுப்பிவிட்டேன். 'புட் ஓஃப்' என்றால் தள்ளிவைத்தது என்று அர்த்தம். திங்கட்கிழமை திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விசயம் தெரிய வரும்போது அந்த நாற்காலியில் வேறொரு பிள்ளை. அவளுடைய அப்பா என்னை ஒன்றுமே கேட்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நானும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன்.

நம்முடைய பாட்டன்மார் 'பரேட்' என்ற சொல்லைப் பெரட்டு ஆக்கினாங்க. செக்ரோலை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. சொல் லயத்துக்கு வந்தது, வாக்கியம் பங்களாவிலேயே தங்கிவிட்டது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது. பள்ளியில் 3 ஆம் தரத்திலிருந்து ஆங்கிலப் பாடமும் இருக்கு. அதைப் படிப்பிக்க எத்தனை தோட்டப் பள்ளியில் ஆள் இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி. கொழும்புக்கு வந்து ஆறு மாதத்தில் சிங்களம் பேசுறீங்க, அஞ்சு வருசமானாலும் இங்கிலீஸ் வாயில் வரமாட்டேங்குது. ஏன்? மூளையில் குறை இல்லீங்க. 'நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.' சிங்களத்தில் 'மம தே பொனவா.' இரண்டிலும் குடிக்கிற வேலை கடைசியில்தான் வருது. சொல்லை மாற்றினால் போதும், வரிசை மாறாது. இங்கிலீஸில் 'ஐ டிரிங்க் டீ': குடிக்கிறது நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. நம்ம ஆள் 'ஐ டீ' என்று தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறான்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி இதுதான். முதல் ஆளை அப்படியே விடுங்க. மற்றதை வாலிலிருந்து பிடிங்க. 'நான் நேற்று வெள்ளவத்தையில் ஒரு சட்டை வாங்கினேன்.' நான், வாங்கினேன், ஒரு சட்டை, வெள்ளவத்தையில், நேற்று. 'ஐ போட் எ ஷேர்ட் இன் வெள்ளவத்தை யெஸ்டர்டே.' பார்த்தீங்களா, வெள்ளவத்தையில் என்பதில் 'இல்' பின்னால் ஒட்டுது, அங்கே 'இன்' முன்னால் நிற்குது. அதுகூடத் தலைகீழ்தான். கேள்வி கேட்கும்போது இந்த வித்தை பலிக்காது. 'வேர் டூ யூ வேர்க்' போன்றவற்றை முழுசாகவே பாடமாக்குங்க.

அடுத்தது என்னைக் கவிழ்த்த விசயம், வினைக்குப் பின்னால் நிற்கிற சின்னச் சொல். வெள்ளவத்தை வீடுகளில் வேலை செய்கிற தங்கச்சிமார் கவனிங்க. 'லுக்' என்றால் பார், 'ஆஃப்டர்' என்றால் பிறகு. ஆனால் 'லுக் ஆஃப்டர் த பேபி' என்றால் பிறகு பார் என்று இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள். நம்மிடமும் 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறுதானே? 'சட்டை போடு', 'சத்தம் போடு', 'பேர் போடு', எல்லாம் ஒரே 'போடு'தான். பேர் போடுவது என்றால் என்னவென்று பெரட்டுக்குப் போனவனைக் கேளுங்க, அகராதி வேண்டாம். அதேபோல 'புட் ஓன்' உடுத்துவது, 'புட் ஓஃப்' தள்ளிவைப்பது, 'புட் அவுட்' நெருப்பை அணைப்பது. 'கோல் ஓஃப்' என்றால்தான் அடியோடு கைவிடுவது. அன்றைக்கு எனக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேணும்.

இதிலும் வரிசை உண்டு. 'சுவிட்ச் ஓஃப் த ஃபேன்' சொல்லலாம், 'சுவிட்ச் த ஃபேன் ஓஃப்' என்றும் சொல்லலாம். ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் வைக்கணும்: 'சுவிட்ச் இட் ஓஃப்.' 'லுக் ஆஃப்டர்' போன்ற சில சோடிகள் பிரியாது, 'லுக் ஆஃப்டர் ஹிம்'தான். சட்டம் தேடி மண்டையை உடைக்காமல் சோடியாகவே கொப்பியில் எழுதி, பக்கத்தில் உங்கள் வேலையில் நடந்த ஒரு வாக்கியத்தைப் போடுங்க. கேட்டது விளங்காவிட்டால் 'சொறி, சே இட் அகெய்ன்' என்று கேளுங்க. முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

சரி, பேச்சு போதும். அந்தக் கதவோரம் நிற்கிற தம்பி, நேற்று நீங்க செய்த ஒரு வேலையைத் தமிழில் சொல்லுங்க. எல்லோரும் சேர்ந்து வாலிலிருந்து பிடிப்போம்.