பண்டமும் பெயர்ச்சீட்டும்

(நம் சங்கத்தின் உத்திரமேரூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

தமிழாசிரியத் தொழில் பூண்ட எம்மை இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணித்தலே இவ்வவையின் வழக்கம். இம்முறை யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, மெழுகுதிரிக் குப்பியின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. 'லேபிள்' என்று கடைத்தெருவில் வழங்குவது. "பண்டிதருக்கு இஃது எதற்கு?" எனச் சிலர் வியத்தல் கூடும். எழுத்தும் சொல்லும் பொருளும் கூடியதே பெயர்ச்சீட்டாகலின், அஃது எம் தொழிலுக்குப் புறம்பானதன்று. அன்றியும், நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பெண்டிர் மெழுகுதிரி வார்த்து விற்கத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அவர்தம் உழைப்பின் பயன் அவரைச் சாருமா, பிறரைச் சாருமா என்பதை முடிவு செய்வது அச்சிறு தாளேயாகும்.

பெயரில்லாப் பண்டத்தின் கதி யாது? நம் சகோதரி அடுப்பருகே நின்று மெழுகை உருக்குகின்றாள், திரியிட்டு வார்க்கின்றாள், ஆறவைத்து எடுக்கின்றாள். பின்னர்ப் பழைய செய்தித்தாளிற் சுற்றி நகரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றாள். அவர் அழகிய சீட்டொன்றை ஒட்டித் தம் பெயரால் விற்கின்றார். அவர்மீது குறை கூறுவதற்கில்லை; பெயரற்ற பண்டத்திற்குப் பெயரிட்டவரே உரியவராகின்றார். வாங்கியவர், "இத்திரி நன்றாய் எரிந்தது" என்று மகிழ்ந்து மறுமுறை தேடும்போது, கடைக்காரர் பெயரையே தேடுகின்றார். வார்த்தவள் பெயரை அறியார். அடுத்த மாதம் வேறொருவர் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுப்பாராயின், ஆண்டு முழுவதும் உழைத்தவள் ஒரே நாளில் மறக்கப்படுகின்றாள்.

பெயர்ச்சீட்டின் இலக்கணத்தை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்கள் நம் ஊரிலேயே உள்ளன. அச்சபை அந்தணர் சபை, எல்லார்க்கும் இடமளித்ததன்று. ஆயினும் அதன் ஒழுங்குமுறை யாவரும் கற்கத் தக்கது. 35 வயது நிரம்பியவராய், 70 வயதைக் கடவாதவராய் இருப்பாரின் பெயர்களை ஓலையில் எழுதினர். ஊரின் 30 குடும்புகளுக்கும் தனித்தனியே கட்டுக் கட்டினர். ஒவ்வொரு கட்டின் மேலும் இன்ன குடும்பினது என்று அறிவிக்கும் வாயோலை ஒன்றைப் பூட்டிக் குடத்தில் இட்டனர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறவே இடமில்லை. உள்ளே இருப்பது யாது, அது யாரைச் சார்ந்தது என்பதைப் புறத்தே நின்று உரைத்தது அவ்வாயோலை. கணக்குக் காட்ட அஞ்சாதவர் பெயரே உள்ளோலையில் ஏறியது. பெயர்ச்சீட்டு என்பதும் இவ்விரண்டுமே: உள்ளதை உரைத்தல், உரைத்ததற்குப் பொறுப்பேற்றல்.

இவ்விலக்கணம் வாணிகத்தில் என்ன பயன் தந்தது என்பதற்குச் சிவகாசி சான்று. நம் நாட்டில் வழங்கிய தீப்பெட்டிகளிற் பெரும்பாலன சுவீடன், ஜப்பான் முதலிய நாடுகளினின்று வந்த காலம் ஒன்று இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் சிவகாசியினின்று கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். குச்சிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றே. இன்னார் செய்தது என அறிவிப்பது பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு ஒன்றே. எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு பண்டத்தை அறிந்தனர். பட்டாசுகளில் அணில், சேவல் என்னும் குறிகளை இன்றும் குழந்தைகள் அறிவர் அல்லரோ? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சீட்டு வேண்டியிருந்தமையால் அவ்வூரில் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. மழை குறைந்த கரிசற் சீமையின் ஒரு சிற்றூர், நாட்காட்டியும் குறிப்பேடும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் நகரமாயிற்று. நம் மாவட்டத்துக் காஞ்சிப் பட்டும் 2005-2006-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தரம் பல நூற்றாண்டு பழையது. அப்பெயரைப் பிறர் எடுத்தாளாவண்ணம் சட்டத்தின் காவல் கிடைத்ததோ நேற்றுத்தான்.

இனி, சீட்டில் எழுத வேண்டுவன யாவை? சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ்ப் பொட்டலப் பொருள்கள் பற்றிய விதிகள் 2011-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, செய்தவரின் பெயரும் முழு முகவரியும் வேண்டும். பண்டத்தின் பொதுப்பெயர் வேண்டும். 'சுடர்மணி' என்றோ 'நிலவொளி' என்றோ எத்துணை அழகிய பெயர் சூட்டினும், 'மெழுகுவத்தி' என்ற சொல் இல்லையேல் குறையே. நிகர எடை வேண்டும்; எண்ணி விற்பதாயின் எண்ணிக்கை வேண்டும். குப்பியின் எடையைச் சேர்த்து நிகர எடை என்று எழுதுதல் பிழை மட்டுமன்று, குற்றமுமாம். செய்த மாதமும் ஆண்டும் வேண்டும். வரிகள் அனைத்தும் உட்பட்ட உச்ச விலை வேண்டும். அதனோடு அலகு விலையும் வேண்டும். 200 கிராம் திரியின் விலை 150 ரூபாய் என்றால், ஒரு கிராம் 75 காசு எனக் குறித்தல் வேண்டும். குறை நேர்ந்தால் வாங்கியவர் யாரை அணுகுவது என்பதற்குப் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியன வேண்டும். பொட்டலமிட்டு விற்கத் தொடங்கிய 90 நாட்களுக்குள் 500 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதிவுக்கு விண்ணப்பித்தலும் வேண்டும். நம் மாநிலத்தில் இதனைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

மொழியைப் பற்றி ஒன்று கூறுவோம். இவ்விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அவற்றோடு வேறு மொழியும் கூடுதலாக இருப்பதற்குத் தடையில்லை. ஆகவே தமிழில் மட்டும் அச்சிட்டால் சட்டத்திற்குப் போதாது. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டால் நம் ஊர்ப் பாட்டிக்குப் போதாது. இரண்டும் வேண்டும். தமிழிலும் எளிய தமிழே வேண்டும். "எரியுந் திரியை நீங்கற்க" என்று மாணாக்கர் எழுதினால் யாம் வகுப்பில் மகிழ்வோம். சீட்டிலோ, "எரியும்போது தனியே விட்டுச் செல்லாதீர்கள்" என்பதே தக்கது.

எச்சரிக்கை எழுதினால் வாங்குவோர் அஞ்சுவரோ எனச் சிலர் ஐயுறுகின்றனர். அஞ்சார், நம்புவர். அமெரிக்காவில் மெழுகுதிரிச் சீட்டுக்கென வகுத்த தரநெறி மூன்று செய்திகளை வற்புறுத்துகின்றது: கண்பார்வையில் வைத்து எரிக்க வேண்டும், தீப்பற்றும் பொருள்களின் அருகே வைத்தலாகாது, குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதிருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளிலும் இதற்கெனத் தனி நெறி உண்டு. கீற்றுக் கூரைகள் இன்னும் மறையாத நம் பக்கத்தில், இம்மூன்று தொடர்களும் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.

சீட்டிற் பொய் புகலாகாது. மண்ணெண்ணெய் பிறக்கும் அதே நிலநெய்யினின்று பிறப்பதே பாரபின் மெழுகு. அதில் வார்த்ததைத் 'தேன்மெழுகு' என்றல் பொய். சிறிதளவு தேன்மெழுகு கலந்தால், "தேன்மெழுகு கலந்தது" என்க. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சீட்டையும் விளம்பரமாகவே கொள்கின்றது. ஆகவே பொய்ச்சீட்டு பொய்விளம்பரமே. எத்தனை மணி நேரம் எரியும் என்று எழுத விரும்புவோர் அளந்து எழுதுக. திரியை நிறுத்துக் குறித்துக்கொண்டு, காற்றில்லா இடத்தில் 4 மணி நேரம் எரித்து, அணைத்து ஆறியபின் மீண்டும் நிறுக்க வேண்டும். 200 கிராமில் 20 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 5 கிராம்; கணக்குப்படி 40 மணி. அடியில் சிறிது மெழுகு எரியாது எஞ்சுமாதலின் 35 என்று எழுதுக. 35 என்று வாங்கியவர் 38 மணி எரியக் கண்டால் பத்துப் பேரிடம் சொல்வர். 40 என்று வாங்கி 38 கண்டாலும் பத்துப் பேரிடம் சொல்வர். சொல்வது வேறாயிருக்கும்.

அச்சகத்துக்குச் செல்லுமுன், தேர்ந்தெடுத்த பெயரும் குறியும் பிறருடையவை அல்ல என்பதை ஆராய்க. விற்பனை மிக்க ஒருவர் குறியைச் சிறிது மாற்றி இட்டுக்கொள்வது குறுக்கு வழியன்று, வழக்குக்கு வழி. வணிகக் குறிகள் சட்டம், 1999-இன்படி மெழுகுதிரிகள் 4-ஆம் வகுப்பைச் சேரும். தனியாரும் சிறு தொழிலாரும் இணைய வழியே விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அச்சிடும் முறையிலும் கருத்து வேண்டும். ஆப்செட் முறையில் தகடு செய்தல் வேண்டுமாகலின் ஆயிரக்கணக்கில் அடித்தாலே மலிவு. சில நூறு போதுமெனின் டிஜிட்டல் அச்சே தக்கது. 12-க்கு 18 அங்குலத் தாளில் சுற்றிலும் அரை அங்குலம் விட்டால், 2-க்கு 3 அங்குலச் சீட்டு 25 அமையும். 500 சீட்டுக்கு 20 தாள் போதும். முதல் முறையே 5,000 அடித்து வைத்துக்கொண்டு, விலையோ முகவரியோ மாறியபின் பரணில் அடுக்குவது வீண். மாதம், ஆண்டுக்கு இடம் வெறுமையாய் விட்டு ரப்பர் முத்திரையாற் குத்திக்கொள்ள விதி இடந்தருகின்றது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று குத்தலாகாது. விலையைக் குறைக்க வேண்டின், பழைய விலையை மறையாமற் புதுச்சீட்டு ஒட்டலாம், ஏற்றுவதற்கு ஒட்டலாகாது.

வெறுந்தாள் மெழுகின் நெய்ப்பசையை உறிஞ்சிக் கறைபடும். ஆதலின் மேற்பூச்சுள்ள தாளையோ நெகிழித் தகட்டையோ கேட்டு வாங்குக. குப்பி முற்றும் ஆறிய பின், துடைத்துவிட்டு ஒட்டுக. குப்பியின் சுற்றளவை நூலால் அளந்து கொண்டுபோய்க் கொடுங்கள்; "நடுத்தர அளவு" என்ற சொல் அச்சகத்தில் பல பொருள்படும். எல்லாவற்றினும் மேலாக, மாதிரிப்படி பார்க்காமல் அச்சிட ஒப்பற்க. வீட்டுக் கணினியில் நேராயிருந்த தமிழ், அச்சகக் கணினியில் எழுத்துரு மாறிக் கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமுமாய்ச் சிதறுவதுண்டு. திரையிற் பார்த்தது போதாது. தாளில் அச்சிட்டு, உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக இரண்டு செய்திகள். நம் குலப்பெயரையே குறியாக இடலாமே எனச் சிலர் கூறினர். திரி எரிவது எல்லார் இல்லத்திலும். வாங்குவோர் கேட்பது வெளிச்சத்தை, நம் வரலாற்றை அன்று. குலத்துக்குப் பெருமை வேண்டின், சரியான எடை நிறுத்துக் கொடுப்பதால் வரட்டும்.

மற்றொன்று, செய்தவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயர் இருத்தல் வேண்டும் என்பது. மெழுகை உருக்குபவள் மருமகள். கையிற் சூடு படுபவள் அவள். சீட்டிலோ மாமனார் பெயர் அல்லது கணவர் பெயர் எழுதுவது வழக்கமாகிவருகின்றது. தொழில் நடத்துபவள் அவளேயாயின், அவள் பெயரே அங்கே இருத்தல் வேண்டும். பதிவும் வங்கிக் கணக்கும் அவள் பெயரிலேயே நடத்தல் வேண்டும். கடைக்காரர் நம் பெயரை மறைத்தார் என்று வருந்தும் நாம், நம் வீட்டிலேயே அவள் பெயரை மறைத்தல் முறையாகுமோ? நாளை அக்குடும்பத்துக்கு ஓர் இடர் வந்தால், அவள் கைப்பற்றி நிற்பதற்கு அவள் பெயரோடு கூடிய தொழில் ஒன்று இருக்கும்.

ஆகவே இவ்வவையின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். சங்கத்தார், திரி வார்க்கும் இல்லங்களின் சீட்டுக்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே தாளில் அச்சிட ஏற்பாடு செய்வாராக. செலவு பகிர்ந்து குறையும். அச்சுக்குச் செல்லுமுன் மாதிரிப்படிகளை எம்மிடம் அனுப்பின், ஞாயிறுதோறும் பிழைதிருத்தித் தர யாம் ஒருப்படுகின்றோம். இதற்கு ஊதியம் வேண்டா. எடையும் எரிநேரமும் அளந்த குறிப்பை மட்டும் உடன் அனுப்புக. அளவாத எண்ணை யாம் திருத்தவும் மாட்டோம், அச்சுக்கு விடவும் மாட்டோம்.

நம் பெண்டிர் வார்க்கும் திரிகள் அவர்தம் பெயரோடு ஊரூராய்ச் சென்று ஒளிர்க!