பிரதமர் வீட்டு கார் கடன்
(நினைவு நாள் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியது)



இன்று ஜனவரி 11. லால் பகதூர் சாஸ்திரி நினைவு நாள். சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். ஆனா பொறுப்புன்னு வந்தா ஒதுங்க மாட்டார்.

1956 நவம்பர்ல நம்ம அரியலூர் பக்கத்துல, மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சரா இருந்த அவர், யாரையும் கைகாட்டாமல் தானே பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

பிரதமரான பிறகும் சொந்தமா கார் கிடையாது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டாங்க. ஃபியட் கார் விலை 12,000 ரூபாய். கையில இருந்தது 7,000. மீதி 5,000-ஐ பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனா வாங்கினார்.

1966-ல் இதே நாளில் தாஷ்கண்ட்டில் திடீர் மரணம். கடன் பாக்கி நின்னுச்சு. மனைவி லலிதா அம்மையார் தனக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். அந்தக் கார் இன்னைக்கும் டெல்லி நினைவில்லத்தில் நிக்குது.

கல்விக் கடன் வாங்கி இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இதைப் படிச்சதும் எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. மாசம் பிறந்தா தவணை கட்டிட்டு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். உங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். இன்னைக்கு அவர்கூட கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்க.



#லால்பகதூர்சாஸ்திரி