தட்டும் தராசும் கழிப்பறையும்: சேரிக் குழந்தையின் உடல்நலம் குறித்து



பாபாசாகேப் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு என்றால் சட்டம், இடஒதுக்கீடு, நிலம், மதமாற்றம் ஆகியவற்றைப் பேசுவது வழக்கம். இந்த முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பை. இலக்கிய மேடையில் சத்துமாவுக்கும் எடைத் தராசுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு பாபாசாகேபே பதில் சொல்லியிருக்கிறார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அவர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் அந்தந்தக் குடும்பத்தின் பாடு என்று விட்டுவிட அவர் ஒப்பவில்லை. பள்ளியில் பியூன் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் தாகம் தீரும் என்ற நிலையில் படித்த பிள்ளை அவர். சாதி முதலில் கை வைப்பது குழந்தையின் வாயிலும் வயிற்றிலும்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம் இலக்கியமும் அதை அறிந்தே இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992 இல் வந்தது. அதில் ஒரு சிறுமி தீண்டாமையை முதலில் கண்டுகொள்வது ஒரு வடைப் பொட்டலத்தின் வழியாக. பெரியவர் ஒருவர் அதைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். உணவைப் பற்றி எழுதாமல் தலித் பிள்ளைப் பருவத்தை எழுத முடியாது. ஆகவே தடம் மாறிப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் காட்டூரை ஒட்டிப் பாப்பாக்குறிச்சி இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கேதான். அதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. 1920 இல் நீதிக் கட்சியின் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1956 இல் காமராசர் மதிய உணவைப் பரவலாக்கினார். 1982 இன் புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுக் குழந்தையையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. பால்வாடி என்று நாம் இன்னும் சொல்கிற மையங்களுக்கு அடுப்பும் அரிசியும் வந்தன. சமைக்க, பரிமாற, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்றே தொடங்கியிருந்தாலும், நம் மாநிலத்தில் அங்கன்வாடி தெருவுக்குத் தெரு வேர்பிடித்ததில் 1982 க்குப் பெரிய பங்கு உண்டு.

இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1980 இல் உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதன் முன்னோட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவது, எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுப்பது, எடை தேறியதும் நிறுத்துவது என்பது அதன் முறை. அந்த ஊர்ப் பெண்ணே ஊழியர், அந்த ஊர்ப் பெண்களே குழுவாகக் கூடி உதவினார்கள். ஒரு குழந்தை மெலிந்து சுருண்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட, அது வளராமல் நிற்கிற முதல் மாதத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்பது அதன் பாடம். இந்தப் பாடத்துக்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு தராசு, ஒரு அட்டை, அதைத் தாய்க்குப் படித்துக் காட்ட ஒரு ஆள் போதும்.

சரி, சோறு வந்தது, தராசு வந்தது. சாதி எங்கே போயிற்று? அது தட்டின் பின்னாலேயே வந்தது.

யார் சமைப்பது என்ற கேள்வியில் முதலில் வந்தது. உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர் உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. வேலைவாய்ப்பு மட்டும் அதன் பயன் என்று நினைத்தால் உத்தரவின் பாதிதான் புரிந்திருக்கிறது. தலித் பெண் ஆக்கிய சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்பது, அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தினமும் மதியம் ஒருமுறை நிறைவேறுவதாகும். அதனால்தான் அதற்கு இத்தனை எதிர்ப்பு. 2018 இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் சமையலர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டதையும், அதிகாரிகள் முதலில் அவரையே இடமாற்றம் செய்ததையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்தபோது, பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்று பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் நிறுத்தினார்கள். ஆட்சியர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மையம் எங்கே இருப்பது என்ற கேள்வி. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களின் தரவுகளைக் கொண்டு, மதிய உணவிலும் ரேஷன் கடையிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்று 2005 இல் எழுதினார்கள். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் சேரிக் குழந்தை போவதற்கு ஒரு தடை கூடுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். மூன்று வயதுப் பிள்ளை தனியாக நடந்து போகாது. அம்மா கொண்டுபோய் விட வேண்டும். யார் வீட்டுத் திண்ணையைக் கடந்து, யார் பேச்சைக் கேட்டுக்கொண்டு போவது என்று அந்த அம்மா யோசிக்கிற நாளில் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006 டிசம்பர் 13 உத்தரவின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும். இந்த வரியை எத்தனை சேரிகளில் வாசித்துக் காட்டியிருக்கிறோம்?

மூன்றாவது தடை ஓசையில்லாமல் வருவது. கொஞ்சம் கையில் காசு சேர்ந்த குடும்பங்கள் பிள்ளையை வேன் வைத்து நர்சரிப் பள்ளிக்கு அனுப்புகின்றன. அங்கன்வாடியில் மிஞ்சுவது சேரிப் பிள்ளைகள். கேள்வி கேட்கும் குரலுள்ளவர்கள் வெளியேறியதும் கூரை ஒழுகினாலும் தராசு பழுதானாலும் கேட்க ஆளில்லை. இதற்காக நம் மக்களில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019 இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பெற்றோர் எதைத் தேடிப் போகிறார்கள் என்பதை அரசும் ஒருவழியாக ஒப்புக்கொண்டதாகவே அதை நாம் பார்க்கிறோம். சேரிப் பிள்ளைக்குச் சோறு போதும், பாட்டும் படமும் எழுத்தும் தேவையில்லை என்ற எண்ணத்தை நாம் எங்கும் ஏற்கக் கூடாது.

இனி கழிப்பறைக்கு வருவோம். சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வேண்டுமே! அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், குடலில் புழு இருந்தால், தின்ற முட்டையின் சத்து பிள்ளைக்குச் சேராது. மலம் கலந்த மண்ணிலும் தண்ணீரிலும் தவழ்கிற குழந்தைக்கு நோய் வெளியே தெரியாவிட்டாலும் குடல் புண்பட்டு வளர்ச்சி தடைப்படும் என்று மருத்துவம் சொல்கிறது. இந்த விஷயத்தில் திருச்சிப் பெண்கள் நாட்டுக்கே வழிகாட்டியவர்கள். மாநகராட்சி கட்டி, பராமரிப்பில்லாமல் நாறிக் கிடந்த பொதுக் கழிப்பறைகளை 2000 ஆவது ஆண்டையொட்டிக் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுக்கள் தாங்களே நடத்த எடுத்துக்கொண்டன. கிராமாலயா தொண்டு நிறுவனமும் வாட்டர்எய்டும் துணை நின்றன. ஒருவர் வாசலில் உட்கார்ந்து சிறு கட்டணம் வாங்குவார். அதிலிருந்து மின்கட்டணம், துப்புரவு, பழுதுபார்ப்பு எல்லாம் நடக்கும், மிச்சம் பகுதியின் பொதுச் செலவுக்குப் போகும். கல்மந்தைக் குடியிருப்பு 2002 இல் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பெரியவர்களின் கழிப்பறை இருட்டையும் பெரிய குழியையும் கண்டு பிள்ளைகள் பயப்படுவதால், சிறு குழிகளோடு குழந்தைகளுக்கென்றே தனிக் கழிப்பறைகளும் அமைந்தன. நம் ஊர்ப் பெண்கள் வரவுசெலவு நோட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் வயிற்றுப்போக்கை எதிர்த்தார்கள் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

பெருமையோடு சேர்த்துக் கேட்க வேண்டியதையும் கேட்போம். வசதியுள்ள நகரில் கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறது. சேரியில் ஒவ்வொரு தடவைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சியின் கடமையை ஏழைப் பெண்கள் சுமந்தார்கள் என்பதும் உண்மை. 2016 இல் தூய்மை நகரங்கள் வரிசையில் திருச்சி நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்றது. அந்த இடத்தைப் பெற்றுத் தந்த கைகள் பெரும்பாலும் அருந்ததியர் கைகள். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்து போன பிறகு ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியையும் உத்திர வீதியையும் கூட்டுகிற பெண், விடிவதற்கு முன்பே வேலைக்கு வர வேண்டும். அங்கன்வாடி திறப்பதோ அதற்குப் பல மணி நேரம் கழித்து. இடையில் அவளுடைய கைக்குழந்தை யாரிடம் இருக்கும்? பெரும்பாலும் எட்டு வயது அக்காவிடம். தம்பி பசியோடு இருக்கிறான், அக்கா பள்ளியை விடுகிறாள். ஒரே காப்பகம் இல்லாததால் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை கெடுகிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் காப்பகம் இருந்தது. 2017 மகப்பேறு நலத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. அங்கன்வாடியையே காப்பகமாக்கும் 'பால்னா' திட்டமும் 2022 முதல் இருக்கிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் பிள்ளைக்கு இதில் எது வந்து சேர்ந்தது என்று நகரத்துக்கு நகரம் கேட்க வேண்டியது நம் வேலை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற அந்தத் தீவில் 2012 முதல் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பசித்தவர் சாப்பிடட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் தானத்தில் கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்கு நன்றிக்கடன். அங்கன்வாடிச் சோறு அப்படியானதன்று. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அதை உரிமையாக்கியிருக்கிறது. எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்பதையும் அளந்து சொல்லியிருக்கிறது. முட்டை சிறிதாக இருந்தால், சத்துமாவு வராமல் போனால், கேட்கும் தாய் பிச்சை கேட்கவில்லை. தன் பிள்ளையின் சொத்தைக் கேட்கிறாள்.

கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 22 பேர் எடை குறைந்தவர்கள். ரத்தசோகை 57 பேருக்கு. முந்தைய கணக்கெடுப்போடு பார்த்தால் உயரமும் எடையும் கொஞ்சம் தேறியிருக்கின்றன, ரத்தசோகை கூடியிருக்கிறது. இந்திய அளவில் தலித் குழந்தைகளில் உயரக் குறைவு நூற்றுக்கு 40 ஐ ஒட்டி இருக்கிறது. பட்டியல், பிற்பட்ட வகுப்புகளைச் சேராதவர்களிடம் அது 30 ஐ ஒட்டி நிற்கிறது. தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் இந்த இடைவெளியும் அதிகம் என்று அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் தங்கள் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் நம் கண்ணுக்குத் தெரிகிறது. குழந்தையின் எலும்பில் சாதி எழுப்பும் சுவர் தராசிலும் அளவுகோலிலும்தான் தெரியும்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு சேரியிலும் தாய்மார் குழு ஒன்று மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் கூடட்டும். எல்லாக் குழந்தைகளையும் எடை போட்டார்களா, அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பார்க்கட்டும். மாணவர்கள் உடனிருந்து அட்டையைப் படித்துச் சொல்லுங்கள். மையமில்லாத குடியிருப்பில் குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் எடுத்து எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சமையலர், உதவியாளர் நியமன விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தலித் சமையலருக்கு எதிர்ப்பு வந்தால் அன்றைக்கே அந்தப் பள்ளியில் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூய்மைப் பணியாளர் சங்கங்கள் கூலி, நிரந்தரம் என்ற கோரிக்கைகளோடு விடியற்காலைக் காப்பகத்தையும் சேர்க்கட்டும். அங்கன்வாடி ஊழியரை எதிரியாக்காதீர்கள். குறைந்த ஊதியத்தில் பதிவேடுகளுக்கு நடுவே உழைக்கிற அவரும் நம்மில் ஒருவர். அவர் சங்கத்தின் கோரிக்கைகள் நம் கோரிக்கைகளாக வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பசியை நிறைய எழுதிவிட்டோம். பசி தீர்ந்த பிள்ளையை, பால்வாடியில் எல்லாரோடும் உட்கார்ந்து முட்டையை உரித்துத் தின்கிற பிள்ளையை, அதற்காக வரவுசெலவு நோட்டு எழுதிய அத்தைகளை, காலையில் முதல் ஆளாக அடுப்புப் பற்றவைக்கும் ஆயம்மாவை எழுதுங்கள். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்றார் பாபாசாகேப். கற்க வரும் பிள்ளைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். அதை உறுதி செய்வது நம் முறை.

ஜெய்பீம்.