டாம் ராபின்சனின் குரல்

ஆங்கில இலக்கியம் சொல்லித்தரும் கல்லூரிகளில் ஒரு நீதிமன்றக் காட்சி அடிக்கடி மேடையேறும். கோட்டும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிய மாணவர் ஒருவர், ஜூரிகளாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களைப் பார்த்து அட்டிகஸ் ஃபின்ச்சின் நிறைவு வாதத்தைப் பேசுவார். கை ஓங்கும், குரல் தழுதழுக்கும், அரங்கம் தட்டும். இப்போது அதே வாதம் கைப்பேசியிலும் ஒரு நிமிடத் துண்டாகச் சுற்றுகிறது. நடிப்புப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்து காட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று சொன்னால் நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் கதை பலரும் அறிந்ததே. 1960-இல் நூல், 1961-இல் புலிட்சர் பரிசு, 1962-இல் படம், அதில் அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கார். கதை நடப்பது 1930களின் அலபாமாவில். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு கறுப்பின இளைஞன்மேல் பொய் வழக்கு. அவனுக்காக வாதாடுகிறார் அட்டிகஸ் என்ற வெள்ளை வழக்கறிஞர். 2003-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் திரை நாயகர்களை வரிசைப்படுத்தியபோது அட்டிகஸுக்கு முதலிடம் கொடுத்தது. அன்றுமுதல் அறத்துணிவு என்றால் அட்டிகஸ் என்பது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாய்ப்பாட்டை ஏற்காத உரை இது. நாவலிலேயே துணிச்சலான பேச்சு எது என்றால், அது பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து டாம் ராபின்சன் சொல்லும் ஒரு வாக்கியம். டாம் ராபின்சன். குற்றம் சாட்டப்பட்டவன். வழக்கறிஞர் அல்ல.

டாமுக்கு இருபத்தைந்து வயது. மனைவி ஹெலன், மூன்று குழந்தைகள். சிறுவனாக இருந்தபோது பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் சிக்கி இடது கை செத்துப்போனது. சத்தியம் செய்வதற்காக அந்தக் கையை எடுத்து பைபிள்மேல் வைக்கிறான்; அது வழுக்கி விழுகிறது. புகார் கொடுத்த மயெல்லா யூவெலின் காயங்கள் வலது பக்கத்து முகத்தில். அவளுடைய அப்பன் பாப் யூவெல் இடதுகைக்காரன். துப்பறியும் கதையாக இருந்தால் வழக்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அரசு வழக்கறிஞர் கில்மருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. அவர் கேட்பது வேறு: கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு விறகு வெட்டினாய், தண்ணீர் சுமந்தாய், எதற்காக? டாம் தயங்குகிறான். பிறகு உள்ளதைச் சொல்கிறான். ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவளுக்குக் கைகொடுக்க ஒரு ஆள் இல்லை, பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான். நீதிமன்றம் உறைந்துபோகிறது. சொன்னது தவறாகிவிட்டது என்று அவனுக்கே புரிகிறது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகத்தான் இரக்கப்படலாம் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். யூவெல் குடும்பம் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறது; ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை. அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து வெள்ளைத் தோல். ஒரு கறுப்பன் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பாவம் என்று சொல்கிறபோது அந்தச் சொத்தும் போய்விடுகிறது. வழக்கில் சொல்லப்பட்ட குற்றத்தைவிட இது ஜூரிகளுக்குப் பெரிய குற்றம். டாம் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்; நாளைக்குக் கூலி கிடைக்கும் என்று நினைத்தேன் என்று ஒரு பொய் போதும். அவன் பொய் சொல்லவில்லை. அட்டிகஸ் வாதாடி முடித்து வீட்டுக்குப் போகலாம். டாம் பேசி முடித்து எங்கே போக முடியும்?

இனி படத்தில் டாமாக நடித்த பிராக் பீட்டர்ஸைப் பற்றி. நேரம் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும்.

இதைப் பேசுகிறவர் வானொலி நாடகங்களில் குரல் கொடுத்துப் பிழைப்பவர். ஆகவே படத்தில் முகத்துக்கு முன்னால் குரலைத்தான் கவனிப்பார். பீட்டர்ஸ் நியூயார்க் ஹார்லெமில் பிறந்தவர், பாடகர், அடிவயிற்றிலிருந்து முழங்குகிற குரல்காரர். ஹாரி பெலஃபோன்டேயின் புகழ்பெற்ற வாழைப்பழப் படகுப் பாட்டில் பின்னணி பாடியவர். பிற்காலத்தில் அமெரிக்கப் பொது வானொலி 'ஸ்டார் வார்ஸ்' கதையை நாடகமாக்கியபோது டார்த் வேடராகப் பேசியவரும் இவரே. அப்படிப்பட்ட குரல், அந்த நாற்காலியில் எவ்வளவு சின்னதாகிறது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு "ஐயா" வந்து விழுகிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. அழுகை தொண்டைக்கு வருகிறது, ஆனால் சொல் உடைவதில்லை. பாவமாக இருந்தது என்ற அந்த வாக்கியத்தை அவர் ஓங்கிச் சொல்வதில்லை. வாயிலிருந்து தப்பிவிட்டதுபோல் விடுகிறார். பெரிய குரல் இருப்பவன் அதை அடக்கி வைத்தால்தான் கேட்பவருக்கு அதன் பாரம் தெரியும். கத்துவதற்குக் குரல் போதும். அடக்குவதற்குக் குரலோடு நெஞ்சும் வேண்டும்.

அந்தக் காட்சியில் பீட்டர்ஸின் கண்களை நேராகப் பார்த்தால் தானும் அழுதுவிடுவோம் என்று கிரிகரி பெக் பார்வையைச் சற்று அப்பால் வைத்துக்கொண்டாராம். ஆஸ்கார் வாங்கியவர் பார்க்க அஞ்சிய முகம் அது. பீட்டர்ஸின் பெயர் விருதுப் பட்டியலுக்கே போகவில்லை. இருவரின் நட்பு மட்டும் கடைசிவரை நின்றது. 2003-இல் பெக் இறந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்தில் இரங்கல் உரை ஆற்றியவர் பீட்டர்ஸ்.

ஒருமுறை இந்தக் காட்சியை மேடைக்குத் தயார்செய்து கொடுக்கும்படி ஒரு கல்லூரியில் கேட்டிருந்தார்கள். அட்டிகஸாக நடிக்கப் போட்டி. டாமுக்கு ஆள் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்ட பையன் அந்த வாக்கியத்தை நம் பழைய படங்களின் நீதிமன்ற வசனம்போல் முழங்கினான். ஒத்திகையிலேயே கைதட்டல். "தம்பி, நீ வழக்கில் ஜெயிக்கப் போகிறாயா?" என்று கேட்டதும்தான் அவன் நிறுத்தினான். மறுபடி சொன்னபோது யாரும் தட்டவில்லை. அதுதான் சரி.

லீயின் எழுத்துத் திறன் இதே அத்தியாயத்தில் இன்னொரு விதத்திலும் தெரிகிறது. கில்மர் டாமை நடத்தும் விதத்தைத் தாங்காமல் டில் என்ற சிறுவன் அழத் தொடங்குகிறான். கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட் அவனை வெளியே கூட்டிப்போகிறாள். அவளோடு வாசகர்களான நாமும் வெளியே வந்துவிடுகிறோம். டாம் மேற்கொண்டு என்ன சொன்னான் என்பது நமக்குக் கிடைப்பதே இல்லை. அதற்குப் பிறகு அவன் குரல் நாவலில் இல்லை. சிறைப் பண்ணையில் வேலியேறித் தப்ப முயன்றான், உடம்பில் பதினேழு குண்டுகள் என்ற செய்தியாகத்தான் வருகிறான்.

கறுப்பர்களை மீட்க ஒரு வெள்ளைக்காரர் வர வேண்டுமா என்று இந்த நாவலை ஒதுக்குவது இன்னொரு நாகரிகம். குறை நியாயமானது. 2018-இல் பிராட்வேயில் ஆரன் சார்கின் இதை நாடகமாக்கியபோது டாமுக்கும் வேலைக்கார அம்மாள் கல்பர்னியாவுக்கும் கூடுதலாகப் பேச்சு கொடுத்ததும் அதனால்தான். ஆனால் நாவலை ஒதுக்குபவர்களும் அட்டிகஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொண்டாடுகிறவர் பார்ப்பதும் அட்டிகஸ், திட்டுகிறவர் பார்ப்பதும் அட்டிகஸ். டாம் பேசுவதைக் கேட்டவர் எத்தனை பேர்?

டாமுக்கு நேர்ந்ததுபோல் சாட்சியம் எடுபடாமல் போவது கற்பனையும் அல்ல. 1931-இல் அலபாமாவில் சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் இதே குற்றச்சாட்டு வந்தது, ஸ்காட்ஸ்பரோ வழக்கு. 1933-இல் மறுவிசாரணை நடந்தபோது, புகார் சொன்ன இரு பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் நீதிமன்றத்துக்கு வந்து, யாரும் எங்களைத் தொடவில்லை என்று சொன்னார். மயெல்லா சொல்லாததை அவர் சொன்னார். அப்படியும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சனுக்கு மரண தண்டனை கொடுத்தது. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.

லீயின் சொந்த ஊரின் பெயர் மன்ரோவில். அங்குள்ள பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். ஆண்டுதோறும் வசந்தத்தில் இந்தக் கதையை உள்ளூர்க்காரர்களே அங்கே நாடகமாகப் போடுகிறார்கள், ஜூரிகளைப் பார்வையாளர்களிலிருந்து பொறுக்குகிறார்கள். அதே ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த வால்டர் மெக்மிலியன் என்ற கறுப்பினத்தவர் செய்யாத கொலைக்காக 1988-இல் மரண தண்டனை பெற்றார். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததை உறவினரும் தேவாலயக்காரர்களும் சொல்லியும் பயனில்லை. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் போராடிய பிறகு, 1993-இல்தான் மெக்மிலியன் வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு இந்த நாவலை எடுக்க நினைக்கும் ஆங்கிலத் துறைகளுக்கு ஒரு யோசனை. நிறைவு வாதத்தை வெட்டிவிடுங்கள். பத்தொன்பதாம் அத்தியாயத்தை மட்டும் போடுங்கள். இருபது நிமிடத்துக்குள் முடியும். இருப்பதிலேயே நல்ல குரல்காரப் பையனை டாமாகப் போடுங்கள். கோட்டும் கண்ணாடியும் வேறு யாருக்காவது போகட்டும்.