வீட்டுச் சாதனங்களும் வைஃபை இணைப்பும்

(ஊராட்சி ஒன்றிய மகளிர் குழுக்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



குடிநீர், மின்சாரம் இவற்றைப் போலவே இன்டர்நெட் இணைப்பும் இன்று கிராமத்து வீடுகளுக்கு அவசியமாகி வருகிறது. தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. கல்லூரிகளின் பட்டியலைப் பதிவு செய்யும் கடைசி நாளன்று இணைப்பு அறுபடுமானால், அந்தப் பிள்ளையின் பல ஆண்டு உழைப்பு என்னாவது? இணைப்பில் குறை கண்டவுடன் புதிய ரூட்டர் வாங்குவதே பரிகாரம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆயின், குற்றம் பல சமயங்களில் ரூட்டரில் இல்லை. அதன் அருகிலுள்ள சாதனங்களில் இருக்கிறது. இதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

ரூட்டரிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி செல்வது வானொலி அலைகளின் மூலமாகும். இதற்குப் பெரிதும் பயன்படுவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. நம் நாட்டில் இதனை உபயோகிக்க 2005ஆம் ஆண்டு முதல் தனி உரிமம் வேண்டுவதில்லை. எனவே இது பொதுப் பாதையைப் போன்றது. அண்டை வீட்டு ரூட்டர், ப்ளூடூத் ஒலிபெருக்கி, கம்பியில்லாக் காமிரா ஆகிய யாவும் இதே பாதையில் செல்வதால் நெரிசல் உண்டாகிறது.

இவற்றுள் முக்கியமாகக் கவனிக்கத் தக்கது மைக்ரோவேவ் அடுப்பு. அது ஏறக்குறைய 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ரூட்டர் வெளியிடும் சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அடுப்பினுள் எழுவதோ பல நூறு வாட். உலோகப் பெட்டியும் கதவிலுள்ள வலையும் அதை உள்ளேயே அடக்குகின்றன. எனினும் சிறிதளவு கசியக்கூடும். நல்ல நிலையிலுள்ள அடுப்பின் கசிவு உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் ரூட்டருக்கோ, நெல் குத்தும் இடத்தில் இரகசியம் பேசுவது போன்ற நிலை ஏற்படுகிறது. அடுப்பு ஓடும்போது தடைப்பட்டு, நின்றவுடன் இணைப்பு சீராகுமானால் காரணம் அதுவே என அறியலாம்.

இரும்பு பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் வேறு வகையில் தொல்லை தருகின்றன. அவற்றின் உலோகம் அலைகளை மறித்துவிடுகிறது.

மிக்ஸி ஓடினால் பழைய வானொலிப் பெட்டி இரைந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள். அதன் மோட்டாரில் எழும் தீப்பொறியே அதற்குக் காரணம். வைஃபையின் உயர்ந்த அலைவரிசையில் அதன் தொல்லை மிகக் குறைவு. ஆனால் கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, ரூட்டர் அணைந்து மீண்டும் எரியக்கூடும். விளக்குகள் எல்லாம் அணைந்து எரிந்தால் அது அலையின் குறையன்று, மின்சாரத்தின் குறை. ரூட்டருக்கென்று சிறு பேட்டரிச் சாதனம் வைத்தால் அது தீரும்.

இனி நாம் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது, ரூட்டரை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், அடுப்பிற்கும் பீரோவிற்கும் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்துங்கள். அடுப்பின் தொல்லை அங்கு இராது. ஆயின் அவ்வலை சுவர்களைத் தாண்டும்போது அதிகம் வலுவிழக்கும். ஆகவே அதே அறையில் இருப்பது நலம்.

நான்காவது, அண்டை வீட்டாரோடு கலந்து பேசி, 1, 6, 11 ஆகிய சானல்களை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, தேர்வு, கலந்தாய்வு போன்ற முக்கிய வேளைகளில் கணினியை ரூட்டருடன் கம்பி மூலம் இணையுங்கள்.

இவற்றிற்குப் பெருஞ் செலவில்லை. சிறிது கவனம் போதும். காரணம் அறியாமல் பணம் செலவழிப்பதை விடுத்து, முதலில் சோதித்துப் பாருங்கள். இங்கு கேட்டவற்றை உங்கள் குழுவிலுள்ள மற்றச் சகோதரிகளுக்கும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.