வீட்டு நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கால்நடைப் பராமரிப்புப் பயிற்சி பெற்ற உறுப்பினர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கடனில் ஆடு வாங்குகிறோம். காப்பீடு செய்கிறோம். குடற்புழு மருந்து கொடுத்த தேதியை நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்த ஆட்டுப்பட்டியை ராத்திரி முழுக்கக் காவல் காக்கிற நாய்க்கு மட்டும் நோட்டில் இடம் இல்லை. "அது பாட்டுக்குக் கிடக்குது, மிச்சத்தைத் தின்னுக்கும்"னு விட்டுடறோம். நாய்க்கும் ஒரு கணக்கு வேணும் என்று சொல்லத்தான் இன்றைக்கு நாங்கள் வந்திருக்கிறோம். அது நாயோட நன்மைக்காக மட்டும் இல்லை, நம்ம பிள்ளைகளோட உயிருக்காகவும்தான்.

குட்டி எடுக்கும் போது

கண் திறந்ததுமே குட்டியைத் தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. அப்படிச் செய்யக் கூடாது. எட்டு வாரமாவது தாயோடு இருக்கணும். தாய்ப்பாலில் கிடைக்கிற சத்தும் நோய் எதிர்ப்பும் வேறு எதிலும் கிடைக்காது. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது.

பணம் கொடுத்துக் குளிர்நாட்டு நாய் வாங்கணும்னு அவசியம் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம்ம மண்ணின் இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். நம்ம தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் நம்ம வெயிலைத் தாங்கும், நல்லாக் காவல் காக்கும்.

என்ன கொடுக்கலாம், எது ஆகாது?

இரண்டு மாதக் குட்டிக்கு வயிறு சின்னது. ஒரு நாளைக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மூன்று வேளை. அதற்கு மேல் காலை, மாலை இரண்டு வேளை போதும்.

குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் எது வீட்டில் இருந்தாலும் கொடுக்கலாம். ஆனால் வெறும் சோறு மட்டும் போட்டால் குட்டி வளராது. வேக வைத்த முட்டை, தயிர், எலும்பு நீக்கி வேக வைத்த கறி, கோழி ஈரல் என்று ஏதாவது ஒன்று சேர்க்கணும். மாட்டுப்பால் சில குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். அப்படி ஆனால் பாலை நிறுத்தித் தயிர் கொடுங்க. நிழலில் ஒரு மண்சட்டியில் எப்பவும் சுத்தமான தண்ணீர் இருக்கணும்.

வெங்காயம், பூண்டு நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். அதனால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டாம். நமக்குச் சமைக்கும்போதே உப்பு, காரம் சேர்க்காமல் ஒரு கை சோறு தனியாக எடுத்து வைத்தால் முடிஞ்சுது. சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை எதுவும் ஆகாது. வேக வைத்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

ஆடு வளர்க்கிறவங்க இதைக் கவனமாகக் கேளுங்க. ஆடு அறுக்கும்போது, கட்டி கட்டியாக இருக்கிற ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குத் தூக்கிப் போடறாங்க. அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். அவை நாயின் குடலில் புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தில் வெளியேறி, புல்லில் பட்டு மறுபடி ஆட்டுக்குப் போகும். பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிட்டால் அவங்க வயிற்றுக்கும் போகும். மனிதருக்கு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வருவது இப்படித்தான். அந்த மாதிரி உறுப்புகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதைச்சுடுங்க. நாய்க்குக் கொடுக்கும் கறி எதுவானாலும் வேக வைத்துத்தான் கொடுக்கணும்.

பழக்குவது எப்படி?

ஒரு சின்னப் பேர் வைத்து எல்லாரும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டதும் வந்தால் ஒரு வாய் சோறு, ஒரு தட்டிக் கொடுத்தல். நாலு நாளில் பழகிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போனால் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. தப்பு செய்தால் அடிக்காதீங்க. அடிபட்ட நாய் பயந்த நாயாகும், பயந்த நாய்தான் முதலில் கடிக்கும்.

முதல் மூன்று மாதத்துக்குள் ஆடு, கோழி, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வந்து போகிற உறவுக்காரங்க எல்லாத்தையும் அது பார்த்துப் பழகணும். "நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால்தான் ரோஷமா இருக்கும்" என்பது தவறான எண்ணம். அப்படிக் கட்டிப் போட்ட நாய்க்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று தெரியாமல் போய்விடும். கட்டுவதாக இருந்தால் நிழலில், நீளக் கயிற்றில் கட்டுங்க. காலையும் மாலையும் அவிழ்த்து நடத்திக் கூட்டிப் போங்க.

பிள்ளைகளுக்கும் பழக்கம் சொல்லித் தரணும். சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கத்தாமல், கையை உடம்போடு சேர்த்து அசையாமல் நிற்கணும்.

மருந்தும் ஊசியும்

குட்டிக்கு இரண்டு வாரத்தில் முதல் பூச்சி மருந்து. மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எடைக்குத் தகுந்த அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கணும். ஆறு முதல் எட்டு வாரத்தில், ரத்தக் கழிச்சலுக்கும் மற்ற நோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியைத் தொடங்கணும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பூஸ்டர் எப்போது என்று மருத்துவர் சொல்வார். அதன் பிறகு வருடம் ஒரு முறை தவறாமல் போடணும்.

உண்ணி பிடித்தால் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தடவாதீங்க. நாய் நக்கி உள்ளே போனால் உயிரே போய்விடும்.

கடித்துவிட்டால்

சகோதரிகளே, இதுதான் முக்கியம். வெறிநோய் அறிகுறி ஒரு மனிதருக்கு வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வைக்க முடியாது. ஆனால் கடித்ததுமே சரியாக நடந்துகொண்டால் வராமலே தடுத்துவிடலாம்.

உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவணும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். அங்கே ஊசி இலவசம். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் வேணும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தயங்காமல் போங்க.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்ற பயம் இன்னும் பல பேருக்கு இருக்கு. அந்தப் பழைய மருந்து தயாரிப்பது 2004-லேயே நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலில் போடும் முறையில், முதல் ஊசிக்கு 3 நாள், 7 நாள், 28 நாள் கழித்து மறுபடி போகணும். சீட்டில் எழுதின தேதிதான் கணக்கு.

"நகம்தான் பட்டுச்சு", "நம்ம வீட்டு நாய்தானே", "குட்டி கடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீங்க. குட்டிக்கும் இந்த நோய் வரும். கடித்துச் சில வாரமோ, சில மாதமோ கழித்துத்தான் அறிகுறி தெரியும். அதனால் நாள் கடந்துவிட்டாலும் போய் ஊசி போடணும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், முடிந்தால் கட்டி வைத்துப் 10 நாள் கவனியுங்க. ஆனால் அதுவரை ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

பொட்டைக் குட்டி

ஆண் குட்டியை எடுத்துக்கிட்டு, பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுட்டு வர்றாங்க. "பொட்டைன்னா வேண்டாம்" என்ற பேச்சு நமக்குப் புதுசு இல்லை. விட்டுவிட்ட குட்டிகளில் பிழைத்தவை, ஊசி போடாத தெருநாயாக நம்ம ஊருக்கேதான் திரும்பி வரும். பொட்டை நாயும் நல்லாக் காவல் காக்கும். வருடத்துக்கு இரண்டு முறை கூடக் குட்டி போடும் என்பதுதான் கவலை. அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை இருக்கு. எந்த வயதில், எங்கே என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்க.

இன்றைக்கு எடுக்க வேண்டிய தீர்மானம்

நாங்கள் மூன்று யோசனை வைக்கிறோம்.

1. ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கணும். உறுப்பினர் வீட்டு நாய்கள் எத்தனை, பூச்சி மருந்து எப்போது, ஊசி எப்போது என்று எழுதி, மாதக் கூட்டத்தில் படிக்கணும்.

2. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதற்கு ஒரு மாதம் முன்பே, நம்ம ஊரில் தடுப்பூசி முகாம் கேட்டு ஊராட்சிக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் கூட்டமைப்பு மனு கொடுக்கணும். தெருநாய்களையும் அதில் சேர்க்கச் சொல்லணும்.

3. நம்மில் யார் வீட்டில் நாய் கடித்தாலும் குழுவில் ஒருத்தர் கூடப் போகணும். முதல் ஊசி போட்டதும் வலி போயிடுது, அப்புறம் ஒரு நாள் கூலி போகுதேன்னு மூணாவது, நாலாவது ஊசியை விட்டுடறாங்க. பஸ் காசு இல்லைன்னா உள்கடன் கொடுக்கலாம். கடைசி ஊசி போட்டாச்சான்னு கேட்பது குழுவின் பொறுப்பு.

சம்மதம் என்றால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவோம்.